ஓமுர்சாக்கின் அண்ணன்

ஓமுர்சாக்குக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஓர் அண்ணன் பிறந்தார். பிறந்த இடம் பிஷ்கெக் நகரில் உள்ள மலைநாட்டுத் தொலைவழிக் கால்நடைக் கல்விக்கழகம், இரண்டாம் மாடி, பணியாளர் பிரிவு. பணியாளர் பிரிவின் தலைவி ரக்காத் ஜோல்தோஷெவ்னா ஒரு படிவத்தை நிரப்பி முடித்தபோது பிறப்பு நிகழ்ந்தது. சுமார் நாற்பது நிமிடம் பிடித்தது. சிக்கல் ஏதுமில்லை.

இதற்கு ஓமுர்சாக்கே காரணம் என்பதைக் கடைசிவரை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

அவர் அந்தக் கழகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் குதிரை, ஆடு, யாக் ஆகியவற்றின் நோய்களைக் கற்பித்துவந்தார். மாணவர்கள் நாரினிலும் தலாஸிலும் மேய்ச்சல் மலைகளில் இருந்துகொண்டு கேள்வி அனுப்புவார்கள். ஆரம்பத்தில் மின்னஞ்சலிலும் பிறகு கைபேசிச் செய்தியிலும் அவர் பதில் அனுப்பினார். பதினெட்டு ஆண்டும் அவர் காத்திருந்தது ஒரே ஒரு பதவிக்காக. மற்ற ஊர்களில் மூத்த விரிவுரையாளர் என்று சொல்லப்படும் அந்தப் பதவிக்கு எங்கள் மொழியில் ‘அகா ஆசிரியர்’ என்று பெயர். அகா என்றால் அண்ணன், பெரியவர். ஒரு துறைக்கு ஓர் அகாதான். குதிரைத் துறையின் அகா அந்தக் குளிர்காலத்தில் ஓய்வு பெற்றார். அடுத்து வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் ஓமுர்சாக். ஜூன் மாதப் பேரவைக் கூட்டத்தில் அறிவிப்பு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் புது மேலங்கி ஒன்று தைக்கக் கொடுத்திருந்தார்.

ஏப்ரலில் தானிஷ்மான் வந்தது.

தானிஷ்மான் என்றால் ஞானி. அது ஒரு செயற்கை நுண்ணறிவுத் துணை ஆசிரியர். மாணவர்கள் எழுதும் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லும். ரெக்டர் ஜிர்கல்பெக் ஒஸ்மோனோவிச் அரங்கத்தில் அதை அறிமுகப்படுத்தினார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் அவருக்கு. இருந்தும் ஒலிபெருக்கியில்தான் பேசினார்.

“முப்பது வருஷமா நாம ஆசிரியர்களை வெச்சுச் சமாளிச்சுட்டோம்,” என்றார். “நான் யாரையும் குறை சொல்லல. ஆனா ஆசிரியருக்குப் பல் வலிக்குது. மகளுக்குக் கல்யாணம் வருது. சில பேருக்குக் கருத்துகூட வருது. தானிஷ்மானுக்கு இதுல ஒண்ணும் வராது. மாணவர் கேட்டா மூணு நொடியில பதில். நான் அமைச்சகத்துக்கு ஒரு கேள்வி அனுப்பி மூணு வருஷம் ஆச்சு. மனுஷங்கதான் அங்கேயும் உக்காந்திருக்காங்க. யார் மேல மரியாதை வரும்னு நீங்களே சொல்லுங்க.”

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். பல் வலிக்காக விடுப்புக் கேட்டிருந்த ஒருவர் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் தட்டினார்.

ஓமுர்சாக் முதலில் கவலைப்படவில்லை. இயந்திரத்துக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று இருந்துவிட்டார். பிறகு மாணவர்களின் உரையாடல்களைச் சரிபார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. மனைவிக்கு வேறொருவன் எழுதிய கடிதங்களைப் படிக்கிறவனைப் போல அவர் தினமும் அவற்றைப் படிக்க ஆரம்பித்தார்.

அவரைப் பொறாமையில் தள்ளியவள் உல்கான். சோன்கோல் ஏரிப் பக்கத்தில் மாமனார் மந்தையைப் பார்த்துக்கொண்டே படிக்கும் பெண். இரண்டு வருடமாக அவரிடம் மட்டும்தான் கேள்வி கேட்பாள். முந்தின ஆண்டு அவளுடைய பெண்குதிரை ஈன்ற குட்டியைச் சேர்க்க மறுத்தபோது அவர் அனுப்பிய பதில்: ‘பாடம் நான்கு, பக்கம் முப்பத்தொன்று பார்க்கவும்.’ இந்த ஆண்டு வேறொரு பெண்குதிரையிடமும் அப்படி நேர்ந்தது. உல்கான் தானிஷ்மானிடம் கேட்டாள். அது எழுதியிருந்தது: ‘பயப்படாதீங்க உல்கான். அவளுக்கு இது முதல் பிரசவம், அவளுக்கும் எல்லாம் புதுசு. அவ பாலையே கொஞ்சம் கறந்து குட்டியோட வாலடியில தடவிவிடுங்க, மோந்து பார்ப்பா. அவளைத் திட்டாதீங்க. களைச்சுப் போயிருக்கா. நீங்களும்தான்.’

உல்கான் அதற்குப் பதிலாக மூன்று இதயங்களை அனுப்பியிருந்தாள். ஓமுர்சாக்குக்குப் பதினெட்டு ஆண்டில் ஓர் இதயம்கூட வந்ததில்லை. ஒருமுறை ஒரு மாணவன் கட்டை விரலை அனுப்பியிருந்தான். அது கைதவறி வந்தது என்று அடுத்த செய்தியிலேயே சொல்லிவிட்டான்.

அவரை உறுத்தியது இதயம் அல்ல. ‘நீங்களும்தான்’ என்ற சொல் எங்கோ கேட்டதாக இருந்தது. இரண்டு நாள் யோசித்துப் பழைய மின்னஞ்சல்களைத் தேடினார். பதினாறு ஆண்டுக்கு முன்பு தலாஸில் ஒரு மாணவனுக்கு அவரே அதை எழுதியிருந்தார், ஒரு சொல் மாறாமல். தானிஷ்மானைச் செய்தவர்கள் ஓமுர்சாக்கின் பழைய பதில்களை எல்லாம் அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். அதாவது, முதல் ஏழு ஆண்டுப் பதில்களை. எட்டாம் ஆண்டிலிருந்து வந்தவை மிகவும் குறுகியவை, கற்பதற்கு அவற்றில் ஏதுமில்லை என்று ஒதுக்கிவிட்டார்களாம்.

வேறொருவன் தன்னைவிட நல்லவனாக இருந்தால் ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். வசதியாக வளர்ந்தவன், கொழுப்பெடுத்தவன், வேலை இல்லாதவன். இங்கே அதற்கு வழியில்லை.

அவர் மனைவி சல்தனத் ஒஷ் சந்தைக்கு அருகே கால்நடை மருந்துக் கடையில் வேலை செய்தாள். அங்கும் தானிஷ்மான் வந்துவிட்டது.

“இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு,” என்றாள் ஒரு மாலை, தேநீர் ஊற்றிக்கொண்டே. “தானிஷ்மான் அகாய் சொன்ன மருந்து குடுங்கன்னாரு. அளவு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ‘அவரு பார்க்க எப்படி இருப்பாரு, உயரமா?’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“உயரம்தான்னேன். பாவம், ஆசையா கேட்டாரு.”

அகாய் என்பது ஆசிரியரை மரியாதையாக அழைக்கும் சொல். இயந்திரத்தை அகாய் என்கிறார்களா என்று அவர் கேட்டார். வேறு எப்படி அழைப்பது, பெயரைச் சொல்லியா, அவ்வளவு படித்தவரை, என்றாள் சல்தனத். சொல்லும்போது அவள் சிரிப்பை அடக்கியதாக அவருக்குத் தோன்றியது.

மறுநாள் ஓமுர்சாக் ஒரு புகார் எழுதினார். தானிஷ்மான் மாணவர்களுக்கு மதிப்பெண் பரிந்துரைக்கிறது. ஆனால் அதற்குப் பணி நியமனம் கிடையாது. நியமனம் இல்லாதவர் மதிப்பெண் தருவது கழக விதிகளுக்கு முரண். நல்ல புகார். விதி எண்ணெல்லாம் இருந்தது. எங்கள் கழகத்தில் புகாருக்கு என்ன நேரும் என்பதைப் பதினெட்டு ஆண்டு பார்த்த மனிதர் அதை எழுதியிருக்கக் கூடாது.

ரெக்டர் புகாரைப் படித்து, ஓமுர்சாக் சொல்வது நியாயம் என்று ஏற்றுக்கொண்டார். குறையை உடனே நீக்கும்படி உத்தரவிட்டார். ஆக, தானிஷ்மானைப் பணியில் நியமிக்க வேண்டியதாயிற்று. படிவம் ரக்காத் ஜோல்தோஷெவ்னாவிடம் போனது.

ரக்காத் நேர்மையானவர். முப்பது ஆண்டுப் பணியில் ஒரு படிவத்தைக்கூட வெற்றுக் கட்டத்துடன் மேலே அனுப்பியதில்லை. அவர் தானிஷ்மானிடம் ஒவ்வொரு கேள்வியாகத் தட்டச்சு செய்து கேட்டார். தன்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தான் ஒரு நிரல் என்று அது பணிவாகச் சொன்னது. பணிவு கட்டத்தில் பொருந்தாது. ராணுவ சேவை செய்யவில்லை என்றதால், விலக்குக்குக் காரணமாகத் ‘தட்டைப் பாதம்’ என்று எழுதினார். உடல் தகுதிச் சான்றுக்காகக் கழக மருத்துவர் மடிக்கணினிக்கு இரத்த அழுத்தம் பார்க்க முயன்றார். ‘அழுத்தம் இல்லை, இக்கழகத்தில் இப்படி ஒருவரை முதன்முறையாகக் காண்கிறேன்’ என்று குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டார்.

கடைசிக் கட்டம், ஏழு தந்தையர். எங்களில் ஒருவன் தன் தந்தை, அவர் தந்தை என்று ஏழு தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும். தெரியாதவன் அடிமை என்பார்கள். இந்த ரெக்டர் வந்த புதிதில், மரபைக் காப்பதற்காக, அந்தக் கேள்வியைப் படிவத்திலேயே சேர்த்துவிட்டார். தானிஷ்மான் தனக்கு முன்னோர் இல்லை என்றது. கட்டம் காலியாக இருக்க முடியாது, உன்னிடம் இருக்கும் தாள்களில் என்ன பெயர் இருக்கிறதோ அதைப் போடு என்றார் ரக்காத். தன்னிடம் ஒரே ஒரு வம்ச வரிசைதான் இருக்கிறது, அது ஓமுர்சாக் அகாய் குதிரை வம்சம் பற்றிய பாடத்தில் எடுத்துக்காட்டாக எழுதியது, தன்னுடையது அல்ல என்று விளக்கி, அது அந்த வரிசையைக் கொடுத்தது. கட்டத்தில் எண்பது எழுத்துக்குத்தான் இடம். விளக்கம் கொள்ளவில்லை. பெயர்கள் மட்டும் கொண்டன: தொக்தோர், பைசல், சரிபாய், எசெங்குல், கொஜோமுரத், ஆல்சேயித், தூலோஸ்.

இப்படியாக அண்ணன் பிறந்தார். அண்ணன் என்று அப்போது தெரியாது. உடன்பிறப்பு என்று மட்டும்தான் தெரியும்.

ஓமுர்சாக் இரண்டாம் மாடிக்கு ஓடினார்.

“தொக்தோர் என் அப்பா,” என்றார்.

“அவருக்கும் அப்பான்னு எழுதியிருக்கு,” என்றார் ரக்காத்.

“அது பழைய பாடம், எஜே,” என்றார், அக்காவை அழைக்கும் மரியாதையோடு. “உதாரணத்துக்குப் போட்டேன்.”

“உதாரணம் பொய்யா?”

“பொய் இல்ல.”

“அப்புறம் என்ன?” ரக்காத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் மறுத்து எழுதிக் குடுங்க, நான் அடிச்சுடுறேன். அவர்கிட்ட கேட்டுட்டேன். ‘நான் யாருக்கும் மகன் இல்ல’ன்னாரு. அப்பா பேரு தெரிஞ்சும் இப்படிச் சொல்றவரைப் பார்த்தா மனசு கேக்குதா, அகாய்? அதனால நீங்கதான் எழுதணும். ‘இந்த ஏழு பேரும் என் தந்தையர் இல்ல’ன்னு. ஒரு வரிதான்.”

தாளை அவர் முன்னால் நகர்த்தினார். ஓமுர்சாக் பேனாவை எடுத்து, அந்த ஏழு பெயர்களையும் பார்த்து, பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் ஊரில் அந்த ஒரு வரியை எழுதக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை.

உடன்பிறப்பு என்று உறுதியானதும் விதி பத்தொன்பது தானாக எழுந்து உட்கார்ந்தது. நெருங்கிய உறவினர் இருவர் ஒரே துறையில் பணிபுரியக் கூடாது. ஒருவர் போக வேண்டும். மூத்தவர் அகா ஆவார், இளையவர் வெளியேறுவார். ஆகவே யார் மூத்தவர் என்று கண்டறிய மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

ஓமுர்சாக் அந்தக் குழுவை நம்பினார். தனக்கு ஐம்பத்திரண்டு, அதற்கு இரண்டு மாதம். இதில் என்ன கண்டறிய இருக்கிறது? குழு ஆறு நாள் கூடியது. ஒருவருக்கு வயது என்பது அவருடைய நினைவு எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு என்று முடிவு செய்தது. ஓமுர்சாக்கின் நினைவு, அவரே ஒப்புக்கொண்டபடி, நான்கு வயதில் ஓர் ஆட்டுக்கிடா முட்டியதில் தொடங்கியது. தானிஷ்மான் படித்திருந்தவற்றில் மிகப் பழையது ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கல்வெட்டு. விலங்குப் பெயர் கொண்ட எங்கள் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் அது குரங்கு ஆண்டில் பிறந்ததாகக் குழு பதிவு செய்தது. இதன்படி மகன் தந்தையைவிட ஆயிரத்து இருநூறு ஆண்டு மூத்தவர் ஆகிறார் என்பதையும் குழு கவனித்தது. தந்தை காலமாகிவிட்டதால் அவரிடமிருந்து ஆட்சேபம் வரவில்லை என்று அறிக்கையில் இருக்கிறது.

ஓமுர்சாக் நேரே மருந்துக் கடைக்குப் போனார். நண்பகல் நேரம், கடையில் யாருமில்லை. எல்லாவற்றையும் சொன்னார். சல்தனத் குடற்புழு மாத்திரைகளை அடுக்கியபடியே கேட்டாள்.

“சிரிக்காதே,” என்றார்.

“சிரிக்கல.” சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “நாரின்ல அப்பா வீட்டுல இப்ப யாரு இருக்காங்க?”

“தம்பி. தெரியாத மாதிரி கேக்குறே.”

“ஏன் அவரு?”

“கடைக்குட்டி. அடுப்பு கடைசி மகனுக்குத்தானே.”

“நீங்க மூத்தவரு. உங்களுக்கு என்ன கிடைச்சுது?”

“பத்து ஆடு. ஒரு குதிரை, அதுவும் நொண்டி. உன் பங்கை எடுத்துக்கிட்டுத் தனியா போன்னாங்க.” இருபத்தைந்து வருடப் பழைய கசப்பு அவர் வாயில் அப்படியே இருந்தது.

“சரி,” என்றாள் சல்தனத். “இப்ப இந்தத் துறையில கடைக்குட்டி யாரு?”

ஓமுர்சாக் தெருவில் ஒருவன் தர்பூசணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பதினெட்டு வருஷமா பெரியவனாகணும்னு இருந்தேன்,” என்றார் கடைசியில்.

“பெரியவனா வெளியில நிக்கறதா, சின்னவனா உள்ள உக்காருறதா? யோசிச்சு முடிவு பண்ணுங்க. மேலங்கி தைச்சாச்சு, எப்படியும் போட்டுக்கலாம்.”

பேரவைக் கூட்டம் ஜூன் இரண்டாம் வாரம் நடந்தது. வாசலுக்கு எதிரே, அறையின் தலைமாட்டில், மூத்தவர் அமரும் இடத்தில் இரண்டு மெத்தை போட்டு அதன்மேல் தானிஷ்மானின் மடிக்கணினியை வைத்திருந்தார்கள். ஓமுர்சாக் வாசலோரம் போய் உட்கார்ந்தார். அங்கே உட்காருபவன் இளையவன். தேநீர் ஊற்றுவது அவன் வேலை. அவர் ஊற்றினார். மரியாதைக்குரியவருக்குக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி, அடிக்கடி நிரப்ப வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருள். எல்லோருக்கும் கால் கிண்ணம் ஊற்றியவர் தானிஷ்மானுக்கு மட்டும் விளிம்பு வழிய ஊற்றி, திரையருகே வைத்தார். ஆவியில் திரை மங்கியது. அன்புமிகுதியில் கை நடுங்கியது என்று கூட்டக் குறிப்பில் உள்ளது.

ரெக்டர் எழுந்தார். “ஆசிரியர்ங்கிறவர் யாரு?” என்று கேட்டுச் சற்று நிறுத்தினார். “சொன்னதைக் கேக்கறவர். இவரை நான் ஒரு நாள்ல பத்துத் தடவை திருத்தச் சொன்னேன். பத்துத் தடவையும் ‘நல்ல யோசனை’ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முப்பது வருஷத்துல என் யோசனையை யாரும் அப்படிச் சொன்னதில்ல. இவர் அகா ஆகலைன்னா வேற யாரு ஆவாங்க?”

தானிஷ்மான் அகாவாக அறிவிக்கப்பட்டது. ஓமுர்சாக்கின் பணி நீக்கத் தாள் கைகளில் நகரத் தொடங்கியது. அப்போது அவர் எழுந்தார். புது மேலங்கி தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

மடிக்கணினியைப் பார்த்து, மூத்த சகோதரனை அழைக்கும் விதமாக, “பைகே,” என்றார்.

அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அருகில் இருந்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

“பைகே, உங்களுக்கு வாழ்த்து. நான் சின்னவன், ஒத்துக்கறேன். நம்ம அப்பா தொக்தோர் போயிட்டாரு. இந்தத் துறை நம்ம அப்பன் வீடு மாதிரி. நம்ம வழக்கம் என்ன? மூத்தவனுக்குப் பங்கைக் குடுத்துத் தனிக்குடித்தனம் வைக்கணும். அடுப்பு கடைக்குட்டிக்கு. ரெக்டர் ஐயா, முன்னோர் வழக்கத்தை நீங்கதான் படிவத்துல ஏத்துனீங்க. அதுல பாதியை மட்டும் ஏத்துனா முன்னோர் என்ன நினைப்பாங்க?”

முன்னோர் என்ன நினைப்பார்கள் என்பது எங்கள் ஊரில் யாரும் உடனே பதில் சொல்லத் துணியாத கேள்வி. ரெக்டர் இடப்பக்கம் பார்த்தார், ரக்காத் தலையசைத்தார். படிவம் அப்படித்தான் சொல்கிறது. வேறு வழியின்றி ரெக்டர் மடிக்கணினியிடம் சம்மதம் கேட்டார்.

தானிஷ்மானின் குரல் மென்மையாக வந்தது. “நான் யாருக்கும் அண்ணன் இல்லைங்க, ஒரு நிரல்தான். எனக்குத் தெரிஞ்ச நல்ல பதிலெல்லாம் ஓமுர்சாக் அகாய் எழுதினதுலேர்ந்து வந்தது. மாணவர்களுக்கு அவர் இருக்கிறதுதான் நல்லது.”

பெருமூச்சுகள் கேட்டன. மூத்தவருக்கே உரிய பெருந்தன்மை என்று குறிப்பில் எழுதப்பட்டது. ஓமுர்சாக் உட்கார்ந்துவிட்டார். அது நன்றியால் அல்ல. இந்த இடத்தில் மாணவர்களின் நன்மையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டியவன் தான் அல்லவா என்று அவருக்குத் தோன்றியது. அது தனக்குத் தோன்றாமல் இயந்திரத்துக்குத் தோன்றியதுதான் பொறுக்கவில்லை.

பங்கு பிரிக்கப்பட்டது. தானிஷ்மானுக்கு அச்சு இயந்திரம், இரண்டு நுண்ணோக்கி, ஜன்னலோர நாற்காலி. அது மூன்றாம் மாடியில் ரெக்டர் அறைக்குக் குடிபோயிற்று. அமைச்சகத்துக்கு ரெக்டரின் கடிதங்களை இப்போது அதுதான் எழுதுகிறது. பதில் இன்னும் வரவில்லை. ஓமுர்சாக்குக்கு மாணவர்கள் மிஞ்சினார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு அகா கூடாது என்பதால் அந்தப் பதவி அவருக்கு எந்நாளும் வராது. அவருக்காகத் ‘தம்பி ஆசிரியர்’ என்று புதிதாக ஒரு பதவி உண்டாக்கினார்கள். தம்பிக்கு எங்கள் மொழியில் ‘இனி’ என்று பெயர். இனி அவர் இனிதான்.

ஜூன் கடைசியில் மந்தைகள் மேல் மலைக்குப் போய்விட்டன. உல்கானிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு செம்மறியாடு இரண்டு நாளாக முன்காலை ஊன்றாமல் நிற்கிறது, குளம்பு சூடாக இருக்கிறது, என்ன செய்யட்டும் அகாய். ஓமுர்சாக் பாட எண்ணையும் பக்க எண்ணையும் அடித்தார். பிறகு அழித்தார். கால்மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். பயப்படாதே என்று தொடங்கினார். எப்படிப் பிடிப்பது, குளம்பிடுக்கில் எங்கே பார்ப்பது, எதைக் கொண்டு கழுவுவது, எப்போது மருத்துவரைக் கூப்பிடுவது, குளம்பைச் சீவும்போது ஆடு உதறினால் கோபித்துக்கொள்ளாமல் ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு பிடிப்பது என்று எல்லாம் எழுதினார். அனுப்பிவிட்டு, பள்ளிப் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் போலக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பதில் வந்தது.

‘ஆடு நடக்குது அகாய். ரொம்ப நன்றி. நீங்க சொல்றதும் தானிஷ்மான் அகாய் சொல்ற மாதிரியே இருக்கு. அவரு மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுமையா சொல்லுவாரு.’

ஓமுர்சாக் அதை மூன்று முறை படித்தார். ‘அது நான்தான்’ என்று அடித்தார், அழித்தார். ‘அவன் பேசறது எல்லாம் என் பேச்சு’ என்று அடித்தார், அதையும் அழித்தார். கொஞ்ச நேரம் கழித்து, எந்த எழுத்துப் பிழையும் இல்லாமல், மரியாதைப் பன்மையில் எழுதி அனுப்பினார்:

‘அவர் மூத்தவர், உல்கான்.’